விமானத்து வாலுக்கு ஏழு கெஜம்

விமானத்தின் வாலைச் சுண்டிப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. பொறியியல் படிப்பின் கடைசி வருஷம். எங்கள் வகுப்பை மீனம்பாக்கத்துக்கு அழைத்துப்போய், கொட்டகைக்குள் நின்ற ஒரு பழைய பயணிகள் விமானத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். யுத்த காலத்தில் யாருடைய சிப்பாய்களையோ சுமந்துவிட்டு, அவர்களுக்கு வேண்டாமென்று ஆன பிறகு நமக்கு வந்து சேர்ந்த இரட்டை என்ஜின் கிழம் அது. மற்றவர்கள் என்ஜினைச் சுற்றி ஈ மாதிரி மொய்த்தார்கள். எனக்குக் கூட்டத்தில் நிற்கப் பொறுமை கிடையாது. பின்பக்கம் போய், இடமும் வலமும் திரும்புகிற அந்த வால் பலகையை விரலால் சுண்டினேன். டொம் என்றது. தகரம் அப்படிப் பேசாது.

"துணிப்பா அது, குத்தி வெச்சுடாத," என்றார் ஏணியில் நின்ற மெக்கானிக்.

"துணியா?"

"ரெக்கை, உடம்பெல்லாம் தகரம். அசையற பாகம் மட்டும் துணி. மேல டோப்புன்னு ஒரு வார்னிஷ் அடிச்சா உடுக்கை மாதிரி இறுகிக்கும்."

"எந்த ஊர்த் துணி?"

"சீமையிலேருந்து கப்பல்ல வரணும். போன தபா மழைக்கு முன்ன எழுதிப் போட்டோம். மாங்கா சீசன்ல வந்து சேந்துச்சு. அது வரைக்கும் வண்டி இங்கியே படுத்துக்கினு இருந்துச்சு."

மிச்சம் விழுந்த துண்டு ஒன்றை அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அதை விரல்களுக்கு நடுவில் தேய்த்துக்கொண்டே வந்தேன். முரட்டு நூல் துணி. எங்கள் ஊரில் இதைத் தலையணை உறைக்குக்கூட யோசித்துத்தான் எடுப்பார்கள். பட்டு நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் சைக்கிளை மிதித்தால் ஒரு வீடு விடாமல் தறிச் சத்தம் கூடவே வரும். அங்கிருந்து இரண்டு மணி நேர பஸ் தூரத்தில், வாலுக்குத் துணி இல்லாமல் ஒரு விமானம் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்திருக்கிறது. இதில் யாருக்கும் வெட்கமில்லை. அந்த வருஷம் எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில் பேசிய பெரியவர், நம் மக்கள் நம் நாட்டு விமானத்தில் பறக்கும் நாள் தூரத்தில் இல்லை என்று முக்கால் மணி நேரம் முழங்கிவிட்டு, விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார். அது எந்த நாட்டு விமானம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சின்னதாக ஒரு பயணிகள் விமானத்தை நம் நாட்டிலேயே வடிவமைக்க அரசாங்கம் ஒரு பிரிவை வைத்திருந்தது. அது இருந்த ஊர் ரயிலில் ஒரு பகல் தூரம். அவர்கள் விமானத்திலும் அசையும் பாகங்களுக்குத் துணிதான் என்று நூலகத்தில் ஒரு பத்திரிகையில் படித்தேன். அன்றைக்கே நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். என்ஜின் வெளியிலிருந்து, சக்கரம் வெளியிலிருந்து, ஆணி கூட வெளியிலிருந்து. துணியாவது உள்ளூரில் இருக்கட்டுமே, பட்டில் நெய்து தருகிறோம், பருத்தி நூலைவிட எடை குறைவு, பலம் அதிகம் என்று.

பதில் வரும்போது நான் படிப்பை முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கரை, வண்ணம், சரிகை எதுவும் இல்லாத மாதிரித் துணி ஏழு கெஜம் கொண்டுவரவும். சோதனையில் தேறினால் அனுமதித் தாள் வழங்கப்படும். அந்நிலையில் துணி வேலைகளுக்கு ஓர் இளநிலை உதவியாளரை நியமிப்பது பரிசீலிக்கப்படும். கடைசி வரியை மட்டும் பத்து முறை படித்தேன். அந்த உதவியாளர் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் வீடு ஊரை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில். அப்பாவுக்கு மணிலாக்கொட்டை மண்டி. அவர் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"தை பொறக்கறதுக்குள்ள அந்தத் தாளு வந்துதுன்னா நீ போப்பா, நான் குறுக்க நிக்கல. வரலன்னா பேசாம சொசைட்டியில சேந்துடணும். தலைவர் எனக்காக எடம் வெச்சிக்கினு இருக்கறாரு."

"புழுவக் கொன்னு எடுக்கற நூலு. அதுல ரெக்கை வேற கட்டப் போறியா?" என்றாள் அம்மா. சமண வீட்டில் பிறந்து பட்டைத் தொடாமலே வாழ்க்கையை நடத்தியவள். நான் கடிதத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன்.

அப்பா சொன்ன சொசைட்டி என்பது நெசவாளர் கூட்டுறவு சங்கம். வேலை, வந்து சேருகிற சேலைகளைப் பிரித்துப் பார்த்து மடித்து வைக்கிற மேற்பார்வையாளர் வேலை. அதைக் காட்டுவதற்காக ஒரு நாள் என்னைக் கூட்டிப்போனார். பின்னறையில் ஆள் உயரத்துக்கு ஏதோ ஒன்று பழுப்பு உறை போட்டு நின்றது. உறையின் மேல் மூன்று சந்தனக் கீற்று, நடுவில் குங்குமம். என்ன என்று குமாஸ்தாவைக் கேட்டேன். நூலும் துணியும் எவ்வளவு இழுத்தால் அறும் என்று அளக்கிற இயந்திரமாம். வெளிநாட்டிலிருந்து தருவித்ததாம்.

"எப்ப தொறப்பீங்க?"

"ஆயுத பூஜைக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் மூடிடுவம்."

இந்த ஆட்களோடு ஆயுசு முழுக்க சேலை மடிப்பதைவிடப் பாலாற்று மணலை எண்ணலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தை மாதத்தை ஞாபகப்படுத்தினார். அப்போது ஐப்பசி.

துணி நெய்ய எனக்கு ஒருவன்தான் உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. வரை என் பக்கத்து பெஞ்சு. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். பிள்ளையார்பாளையத்தில் வீட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டான். விஷயத்தைச் சொன்னதும் குறுக்கே நூல் ஓட்டுகிற நாடாவை நிறுத்தாமலே கேட்டான்.

"கரையே வேணாமா?"

"வேணாம்."

"முந்தி?"

"விமானத்துக்கு எதுக்குடா முந்தி?"

"கலரு?"

"ஒண்ணும் வேணாம். வெள்ளை. மொட்டை வெள்ளை."

நாடா நின்றது. "மொட்டை வெள்ளைன்னா கோடித்துணிபா. பொணத்து மேல போடறது. எங்க வீட்டுத் தறியிலேருந்து அப்படி ஒரு துணி எறங்குனதே கெடையாது."

"அவங்க எழுத்துல கேட்டிருக்காங்க. ஒரு இழை கலர் கூடாது."

"எழுதுனவன் தறியப் பாத்திருக்கானா?"

அவன் சொன்னதை ஒரு மூடப் பேச்சு என்று ஒதுக்கினேன். பறக்கிற யந்திரத்தைப் பற்றிப் பேசும்போது பிணத்துத் துணியைப் பற்றிப் பேசுகிறானே என்று மனத்துக்குள் சிரித்தேன். அரைமணி நேரம் ஆங்கிலமும் தமிழுமாகப் பேசிப் பேசி அவனைக் களைக்கவைத்தேன். கடைசியில், "சரி, நெய்யறேன் போ," என்றான். எப்படி நெய்வான் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நெடுக்கு இழைகளான பாவு தறியேறி முதல் அரை கெஜம் வந்ததும் அதிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டினோம். மெக்கானிக் கொடுத்த சீமைத் துணியிலும் அதே அகலம். அப்பாவின் மண்டியிலிருந்து எடைக்கற்களைச் சைக்கிளில் கொண்டுவந்து, உத்தரத்திலிருந்து தொங்கவிட்ட பட்டைகளில் ஒவ்வொன்றாகக் கட்டினோம். சீமைத் துணி முதலில் அறுந்தது. எங்கள் பட்டு இன்னும் மூன்று கல்லைத் தாங்கிவிட்டு, மூன்றாவதற்கு மேல் அம்மிக்குழவியையும் வைத்த பிறகுதான் போயிற்று. என் கூட்டாளி அறுந்த முனையை எடுத்துப் பார்த்து, "உன் சீமைக்காரன் நூல முறுக்கல, ஏமாத்தியிருக்கான்," என்றான். அன்று நான் ஆகாயத்தில்தான் வீட்டுக்குப் போனேன்.

கார்த்திகை முடிவில் ஏழு கெஜமும் தயார். மூங்கில் குழலில் சுருட்டி, மல் துணியில் பொதிந்து கொடுத்தான். நான் பிரித்துப் பார்க்கவில்லை. மறுநாள் ரயில். எனக்கு எப்போதும் மறுநாள் ரயில்தான்.

வடிவமைப்புப் பிரிவின் வாசலில் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்கிற ஆளா நான்? உள்ளே சுற்றினேன். ஒரு பெரிய கூடத்தில் விமானத்தின் உடம்பு நின்றது. மெய்சிலிர்த்துவிட்டது. கிட்டப் போய்ச் சுண்டினால் ஒட்டுப்பலகை. முழு அளவில் மரத்தால் செய்து பார்த்த மாதிரி உருவம் அது. உள்ளே வரிசையாக நாற்காலிகள். ஜன்னலோரம் உட்கார்ந்து நாலைந்து பேர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஊறுகாய்ப் பொட்டலத்தை ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார்.

"வா தம்பி, ஏறு. எடம் இருக்கு," என்றார் படம் வரைகிறவர் ஒருவர். வயதானவர், நம் பக்கத்துத் தமிழ்.

"எப்ப சார் பறக்கும் இது?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கையை வழித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "என்ஜின வெளிநாட்டுக்காரன் குடுக்கணும். அதுக்கேத்த மாதிரி நாங்க ரெக்கை வரையறோம். வரைஞ்சு முடிக்கறதுக்குள்ள அவன் அந்த என்ஜின் செய்யறதயே நிறுத்திடறான். அடுத்த என்ஜின் கனம் வேற. திரும்ப ரெக்கை. இது மூணாவது ரெக்கை."

"விமானம் ஓட்டற கம்பெனிக்காரங்க கேட்டா சீக்கிரம் ஆகுமில்ல?"

"அவங்க வாங்கறோம்னு எழுதிக் குடுத்தா மேலேருந்து கட்டச் சொல்லுவாங்க. கட்டி, பறக்கவிட்டு, பத்திரம்னு தாளு வாங்கி வந்தா அவங்க எழுதிக் குடுப்பாங்க. நீ நடுவுல எங்கயாவது புடிச்சு இழுக்க முடியுதா பாரு."

அவர் என்னமோ வானிலை சொல்வதுபோலச் சொன்னார். கோபம் எனக்குத்தான் வந்தது. இத்தனை படித்தவர்கள், இத்தனை மேஜைகள், சுவர் முழுக்க வரைபடங்கள். இவ்வளவும் சேர்ந்து இந்த நாட்டுக்குச் செய்து கொடுத்த பயணிகள் விமானம் ஒரு சாப்பாட்டுக் கூடம். வீடு கட்டத் தெரியாதவன் வாசற்படியை மட்டும் வழவழவென்று இழைத்துக்கொண்டிருப்பதுபோல, ஜன்னல் விளிம்பை மட்டும் அழகாக வளைத்திருந்தார்கள். ஊறுகாய் வைக்கத் தோதாக.

அதிகாரி மூன்று மணிக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் துணியை நானே விரித்தேன். ஒரு கெஜம், இரண்டு கெஜம். பாலேடு நிறத்தில் அவ்வளவு பெரிய பட்டு வெறுமையாக விரிவதை நானே அன்றுதான் பார்க்கிறேன். அவர் முகம்கூட ஒரு நிமிஷம் மாறியது. ஏழாவது கெஜத்தின் கடைசியில், முனையிலிருந்து நாலு விரல் தள்ளி, குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. ஊடையில் ஒரே ஓர் இழை.

"மிஸ்டர், இது என்ன?"

"அது… நெசவாளர் வழக்கம் சார். வெட்டிட்டா போச்சு."

"வெட்டினா ஏழு கெஜம் இருக்காதே."

"நாலு விரல் சார்."

"ஏழுன்னா ஏழு. கலர் கூடாதுன்னா கூடாது. ஏரோப்பிளேன்ல நாலு விரல்தானேன்னு விட முடியுமா? ஜனங்க ஏர்றது."

"பலத்தையாவது சோதிச்சுப் பாருங்க சார். நனைச்சு, காயவெச்சு, டோப் அடிச்சு…"

"முதல் பார்வையிலேயே நிக்காத மாதிரிய சோதனைச்சாலைக்கு அனுப்ப எனக்கு விதி இல்ல." துணியை அவர் தொடவேயில்லை. பேனா முனையால் அந்தச் சிவப்பு இழையைக் காட்டியதோடு சரி. 'விவரக்குறிப்புக்கு ஒவ்வாதது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தை மட்டும் ரசித்து, வளைத்து வளைத்துப் போட்டார்.

ஊர் வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பிள்ளையார்பாளையம். துணிச் சுருளைத் தறியின் மேல் போட்டேன்.

"ஏன்டா செவப்பு போட்ட?"

"மொட்டையா எறக்க மாட்டேன்னு அன்னிக்கே சொன்னேன்."

"நெய்யறேன்னு சொன்ன."

"நெஞ்சேன் இல்ல? ஆளுங்க ஏறிக்கினு போற வண்டிக்குக் கோடித்துணியப் போத்தி அனுப்புவனா நானு? கெட்ட எண்ணமா இருக்குதே உனக்கு." அவன் துணியைப் பிரித்து முனையைத் தடவினான். "சரி, உங்காளு இழுத்துப் பாத்தானா?"

"இல்ல."

"நனைச்சான்?"

"இல்ல."

"கோட்ட மட்டும் பாத்தான். எங்க சொசைட்டிக்காரன் மாதிரியேதான் போல. அதுக்கா ரெயிலேறிக்கினு அம்மாந்தூரம் போன?"

ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அந்த ஒரு வாரத்தில் ஒரு காரியம் செய்தேன். அதிகாரி செய்யாத சோதனையை நானே செய்து, முடிவை அவர் முகத்தில் வீசுவது என்று தீர்மானித்தேன். டோப் எனக்கு எங்கே கிடைக்கும்? ஆனால் சினிமா பிலிம் செய்கிற அதே சரக்கைக் கரைத்தால் டோப் என்று தெரியும். சினிமாக் கொட்டகையில் வெட்டிப் போட்ட பிலிம் துண்டுகளை ஒரு பை நிறைய வாங்கினேன். கொதிக்கிற சோடா நீரில் போட்டுத் தேய்த்து, கதாநாயகர்களையெல்லாம் கழுவி விட்டேன். கண்ணாடிபோல் மிஞ்சியதைக் கல்லூரி நண்பனிடம் வாங்கிய அசிட்டோனில் கரைத்தேன். மூங்கில் சட்டத்தில் ஒரு முழம் பட்டைக் கட்டி, தூரிகையால் அடித்துக் கொல்லையில் வெயிலில் வைத்தேன்.

சாயங்காலம் போய்ச் சுண்டினேன். ஒரு மூலை டொம் என்றது. மற்ற இடமெல்லாம் தொளதொளவென்று இருந்தது. கிட்டப் பார்த்தால் அம்மை போட்ட முகம் மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. நகத்தால் கீறினால் டோப் தோலாக உரிந்து வந்தது. துணிக்குள் அது இறங்கவே இல்லை.

அங்கேயே கொல்லையில் உட்கார்ந்துவிட்டேன். சிவப்புக் கோடு இல்லாமல் இருந்திருந்தாலும் இந்தத் துணி தேறியிருக்காது. அதிகாரி ஒரு சொட்டு டோப் விட்டுப் பார்த்திருந்தால், இதைச் சொல்லி என்னை அனுப்பியிருந்தால், அவருக்கு நான் ஆயுளுக்கும் மரியாதை வைத்திருப்பேன். வாலே இந்த மாதிரி ஆகாயத்தில் தொளதொளத்திருந்தால் ஏறினவர்கள் கதி என்ன? அதை அவரும் யோசிக்கவில்லை. கற்களை மட்டும் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு ஆகாயத்தில் வீட்டுக்குப் போன நானும் யோசிக்கவில்லை. அந்த ஆபீசில் இன்னொரு மேஜை போட்டு உட்காரும் தகுதி எனக்கு முழுசாக இருந்தது.

சட்டத்தைச் சைக்கிளில் வைத்துக் கூட்டாளியிடம் கொண்டுபோனேன். பேச்சை அவன்தான் தொடங்கினான். டோப் படாத ஓரத்தை வாயில் வைத்து, கண்ணை மூடி, நாக்கால் அழுத்திப் பார்த்தான்.

"கஞ்சி," என்றான்.

"என்ன கஞ்சி?"

"அரிசிக் கஞ்சிபா. பாவுக்குப் போடாம எப்பிடி நெய்யறது? இழை பிசிறு கட்டி நாடாவ மறிச்சுக்கும். சேலைக்குப் போட்டா கட்டறவங்க ரெண்டு தரம் அலசுனா போயிடும். இதுல உள்ளியே நிக்குது. உன் சரக்கு எங்க எறங்கும்?"

"இத முன்னயே ஏன் சொல்லல?"

"வார்னிஷ் அடிப்பேன்னு நீ எங்க சொன்ன? வெள்ளை, மொட்டைன்னுதான கத்திக்கினு இருந்த."

உண்மைதான். அவனிடம் அரைமணி நேரம் பேசியதில் இந்தத் துணி என்ன பாடு படப்போகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. இறக்கை, காற்று, தேசம் எல்லாவற்றையும் சொன்னேன்.

பூந்திக்கொட்டை நுரையில் சூடாக மூன்று தரம் அலசினால் கஞ்சி முழுக்க இறங்கிவிடும் என்றான். அலசினால் துணி எவ்வளவு சுருங்கும், பலம் எவ்வளவு குறையும் என்று கேட்டேன். அதற்கு நாக்கு பதில் சொல்லாது என்றான். மண்டிக் கல்லும் சொல்லாது. நனைந்த பட்டை, காய்ந்த பட்டை, டோப் அடித்த பட்டை என்று நூறு தரம் இழுத்து அளந்தால்தான் தெரியும். அளக்கிற இயந்திரம் எங்கள் ஊரில் ஒன்றுதான் இருக்கிறது. மூன்று கீற்றுச் சந்தனம் பூசிக்கொண்டு நிற்கிறது.

தை பிறந்தது. தாள் வரவில்லை. அப்பா வெளுத்த வேட்டியை எடுத்து வைத்தார். நான் கட்டிக்கொண்டு போய்ச் சொசைட்டியில் சேர்ந்தேன். மகன் வழிக்கு வந்துவிட்டான் என்று மண்டியில் எல்லோரிடமும் சொன்னாராம். சொல்லட்டும். பகலெல்லாம் சேலை பிரிக்கிறேன், மடிக்கிறேன். தலைவர் ஒரு முறை வந்து, இத்தனை படிப்புக்கு இது சின்ன வேலைதான், பழகிவிடும் என்று தோளில் தட்டினார். நான் தலையாட்டிக்கொண்டே பின்னறைச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் பொறுப்பில் இருக்கவேண்டிய சாவியாம். கேட்டதும் குமாஸ்தா கொடுத்துவிட்டார். இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

புதன்கிழமை கூட்டாளி வீட்டில் இரண்டாவது பாவு தறியேறுகிறது. இந்த முறை ஏழேகால் கெஜம். ஏழு கெஜம் மொட்டை வெள்ளை. சிவப்பு இழை மிச்சமிருக்கிற கால் கெஜத்தில். அதை வெட்டி அவனே வைத்துக்கொள்வான். தறியிலிருந்து சிவப்போடு இறங்கினால் அவன் கணக்கில் அது கோடித்துணி இல்லை, அதிகாரிக்கு ஏழு ஏழாகவே இருக்கும். முதல் முழம் இறங்கியதும் அலசி, பட்டை பட்டையாக வெட்டி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் நான் அந்த உறையைக் கழற்றி, சந்தனத்தைத் துடைத்து, இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டிருக்கவேண்டும். ஆயுத பூஜைக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.